கை தூக்கினவங்க

கவர்ன்மெண்ட் வீட்டுக்கு எந்த பஸ்ஸுன்னா கேட்ட? அப்படிச் சொல்லாதம்மா. அதுக்குன்னு ஒரு பேர் இருக்கு. பூந்தளிர் நகர். இந்தக் கூட்டுரோட்டுல எல்லாரும் கவர்ன்மெண்ட் வீடு, கவர்ன்மெண்ட் வீடுன்னு சொல்லிச் சொல்லியே அந்தப் பேர் அழிஞ்சுபோச்சு. பச்சைக் கலர்ல ஒரு மினி பஸ் வரும். வந்தா நானே சொல்றேன். அதுவரைக்கும் இப்படி உக்காரு. குழந்தைய இந்தப் பக்கம் திருப்பிக்கோ, மூஞ்சியில வெயில் அடிக்குது பாரு.

வாடகைக்குப் பாக்கப் போறியா? போய்ப் பாரு. நான் வேணாம்னு சொல்லலை. நானும் அங்கதான் இருக்கேன். பி பிளாக், கீழ் வீடு. தண்ணி வருது, காத்து வருது, அதெல்லாம் குறை சொல்ல முடியாது. ஆனா பாத்ரூம் கதவு பிளாஸ்டிக். வேகமா இழுத்தா கையோட வரும். ஹால் மூலையில ஈரம் கோத்துக்கிட்டு நிக்குது. லிஃப்ட் கிடையாது. லிஃப்டுக்குக் குழி மட்டும் இருக்கு, அதை மூடி அது மேல யாரோ துளசித் தொட்டி வச்சிருக்காங்க. தம்பி கட்டியிருந்தா இப்படியா இருந்திருக்கும்?

தம்பின்னா கூடப்பிறந்த தம்பி இல்ல. திருமாறன்னு பேரு. பில்டர். அந்த இடத்தை வாங்கி, பிளான் போட்டு, பூஜை போட்டு ஆரம்பிச்சது அவருதான். அவரைத் துரத்திட்டுத்தான் கவர்ன்மெண்ட் வந்து முடிச்சுது. துரத்தினது யாருன்னு கேளு. வெளியாளுங்க இல்ல. என்கூட ஒரே தட்டுல சாப்பிட்டவ.

என் பேரு கனகவல்லி. தாம்பரம் பக்கம் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில தையல் லைன் சூப்பர்வைசரா இருந்தேன். இப்ப ரிட்டையர் ஆயாச்சு. அவ பேரு ஜெபமணி. அதே கம்பெனியில செக்கிங். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி, கல்யாணம் கட்டி இங்க வந்தவ. பம்மல்ல நாங்க ரெண்டு பேரும் ஒரே காம்பவுண்டுல குடியிருந்தோம். சுவத்துக்கு அந்தப் பக்கம் அவ, இந்தப் பக்கம் நான். ஒரே குழா, ஒரே பாத்ரூம். காலையில ஒருத்தி உள்ள போனா இன்னொருத்தி வாளியோட வெளிய நிப்பா. ஒரே வேன்ல போவோம், ஒரே வேன்ல வருவோம். அவ வேலையில ரொம்பக் கறார். என் லைன்ல தச்ச சட்டையவே திருப்பி அனுப்புவா. 'இது போகாது கனகா, தையல் இழுத்துருக்கு'ம்பா. எனக்குக் கோவம் வரும். சாயங்காலம் வேன்ல பக்கத்துல உக்காந்து முறுக்கைப் பிச்சுக் குடுப்பா. சரியாப் போயிடும்.

அந்த ஹவுஸ் ஓனர் இருக்காரே, அவரைப் பத்திச் சொன்னா உனக்கும் தெரிஞ்ச கதையாத்தான் இருக்கும். சுவத்துல ஆணி அடிக்கக்கூடாது. சொந்தக்காரங்க வந்து தங்கினா எப்பப் போவாங்கன்னு கேப்பாரு. எங்க வீட்டுக்காரரு இருமினா மாடியிலருந்து எட்டிப் பாப்பாரு. நானும் ஜெபமணியும் துணி தோய்க்கறப்பல்லாம் இதேதான் பேசுவோம். சின்னதா இருந்தாலும் நம்மளுதுன்னு ஒண்ணு.

அப்பத்தான் தம்பி வந்தாரு. கம்பெனி வாசல்ல, சாப்பாட்டு நேரத்துல. சின்ன வயசுதான். மத்த பில்டருங்க வந்தா மேனேஜரைப் பாத்துட்டுப் போவாங்க. இவரு நேரா என்கிட்ட வந்தாரு. 'அக்கா, இங்க நீங்க சொன்னாத்தான் கேப்பாங்களாமே'ன்னாரு. யாரோ சொல்லியிருக்காங்க. உண்மைதானே? நான் சொன்னாக் கேப்பாங்கதான். தையல் வேலை செய்யற பொம்பளைங்களுக்குன்னே ஒரு குடியிருப்பு, கம்மி விலை, லோன் அவரே வாங்கித் தருவாரு, பிள்ளைங்க விளையாட முன்னாடி பார்க்கு, பால்வாடிக்கு ஒரு இடம். எல்லாத்தையும் ஒரு காகிதத்துல படம் போட்டுக் காட்டினாரு. எங்க லைன்ல முக்கால்வாசிப் பொண்ணுங்க என்னைப் பாத்துத்தான் சேந்தாங்க. ஜெபமணியும் சேந்தா. அவ வீட்டுக்காரரு டேனியல் அண்ணன் ஸ்கூல் வேன் ஓட்டிக்கிட்டிருந்தாரு. அவரு கொஞ்சம் யோசிச்சாரு. நான்தான் பேசிச் சம்மதிக்க வச்சேன்.

பூஜை அன்னிக்கு நடந்ததைச் சொல்லணும். பெரிய மனுஷங்கல்லாம் வந்திருந்தாங்க. முதல் கல்லை யாரு வைக்கிறதுன்னு பேச்சு வந்தப்போ, தம்பி கூட்டத்துக்குள்ள வந்து என் கையப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போனாரு. 'எங்க அக்காதான் வைக்கணும்'னாரு. நான் வச்சேன். அப்புறம் மெயின் ரோட்டுல ஒரு பேனர் வச்சாரு பாரு, ரெண்டு மாடி உசரம். அதுல நான். கும்பிட்டுக்கிட்டு நிக்கறேன். 'எனக்குன்னு ஒரு வீடு'ன்னு கீழ எழுதியிருக்கு. எங்க சொந்தக்காரங்க கல்யாணத்துல போட்டோ எடுத்தாக்கூட என்னை ஓரமாத்தான் நிறுத்துவாங்கம்மா. பஸ்ஸுல போறவங்கல்லாம் என்னைப் பாத்துக்கிட்டுப் போனாங்க. கம்பெனி வாட்ச்மேன் எழுந்து நின்னு வணக்கம் வச்சாரு.

எனக்கு மூட்டுவலி இருக்குன்னு தெரிஞ்சு கீழ் வீட்டை, அதுவும் மூலை வீட்டை, எனக்குன்னு ஒதுக்கி வச்சாரு. அதுக்கு மத்தவங்ககிட்ட தனியா வாங்கின பணத்தை என்கிட்ட வாங்கலை. 'அக்காகிட்டப் போய் வாங்குவேனா'ன்னாரு. இதைச் சில பேரு தப்பாப் பேசினாங்க. ஒரு மனுஷன் மரியாதை குடுத்தா அதுல தப்பு என்ன இருக்கு சொல்லு?

மூணு மாடி எழும்புச்சு. அதோட நின்னுபோச்சு. சும்மா நிக்கலை. முதல்ல மணல் கிடைக்கலை. அப்புறம் அந்த நோய்க்காலம், ஆளுங்கல்லாம் ஊருக்குப் போயிட்டாங்க. அப்புறம் அவருக்குக் கடன் குடுக்கறவங்க நிறுத்திட்டாங்க. ஒரு மனுஷனால என்ன பண்ண முடியும்? ஆனா பேங்க்காரன் கேப்பானா? மாசா மாசம் லோனும் கட்டணும், வாடகையும் கட்டணும். பொண்ணுங்க வாயைக் கட்டி வயித்தைக் கட்டிக் கட்டினாங்க. நான் லைன்ல நடந்து போனா மிஷினை நிறுத்திட்டு, 'அக்கா, எப்பக்கா'ன்னு கேப்பாங்க. 'வருவாருடி, தம்பி வருவாரு'ன்னு சொல்லுவேன். போகப்போக கேக்கறதையும் நிறுத்திட்டாங்க. நான் வந்தா தலையைக் குனிஞ்சுக்குவாங்க. நன்றி இல்லாத ஜென்மங்க.

டேனியல் அண்ணனுக்கு அப்பத்தான் கிட்னி கெட்டுப்போச்சு. வேன் ஓட்டறதை விட்டுட்டாரு. ஞாயித்துக்கிழமை ஆனா ஜெபமணி அவரைக் கூட்டிக்கிட்டு அந்தக் கட்டடத்துக்கு வருவா. அவங்களுக்குன்னு ஒதுக்கின பூச்சு இல்லாத வீட்டுல, ஜன்னல் வைக்க ஓட்டை விட்டிருக்கும் பாரு, அதுல ஒரு சாக்கைப் போட்டு உக்காந்து வெளிய பாத்துக்கிட்டிருப்பாரு அண்ணன். அவ சோத்து டப்பாவைத் திறந்து குடுப்பா. சர்ச் முடிஞ்சு நேரா அங்கதான். நான் கேலி பண்ணுவேன், இன்னும் கதவே வைக்கலை, அதுக்குள்ள குடித்தனம் வந்துட்டீங்களான்னு. அண்ணன் சிரிப்பாரு.

அப்புறம் நாங்க சும்மா இருக்கலை. கலெக்டர் ஆபீஸுக்குப் போனோம், திங்கக்கிழமை மனு குடுக்கற நாள்ல. முன்னாடி நின்னது யாரு? நான்தான். டிவிக்காரன் மைக்கை நீட்டினப்போ பேசினதும் நான்தான். போய்ப் போய்க் கேட்டதுல, இந்த மாதிரி பாதியில நின்ன கம்மி விலை வீட்டுக்கெல்லாம் அரசாங்கமே உதவி பண்ணி முடிச்சுத் தரும்னு சொன்னாங்க. ஒரு மேடத்தை அனுப்பினாங்க. கண்ணாடி போட்ட அம்மா, அதிகம் பேசமாட்டாங்க. கட்டடத்தைச் சுத்திச் சுத்திப் பாத்தாங்க. பாத்துட்டு, உதவி கிடைக்கும், ஆனா பில்டர் விலகணும், துறையே வேற காண்டிராக்டரை வச்சுக் கட்டும், வீடு வாங்கினவங்கள்ல பாதிப்பேருக்கு மேல கூட்டத்துல கை தூக்கிச் சம்மதம் சொல்லணும்னாங்க.

அந்தக் கூட்டத்துக்கு முன்னாடி ஞாயித்துக்கிழமை தம்பி எங்க வீட்டுக்கு வந்தாரு. அந்தக் குச்சு வீட்டுக்கு. நாற்காலி போட்டேன், வேணாம்னுட்டு தரையில உக்காந்தாரு. கருவாட்டுக் குழம்புதான் இருந்துச்சு, அதையே கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு. சாப்பிட்டுக்கிட்டிருக்கும்போதே கண்ணுல தண்ணி.

'அக்கா, நானே கட்டி உங்க கையில சாவி குடுக்கணும். அதை மட்டும் என்கிட்டருந்து பிடுங்கிடாதீங்க'ன்னாரு.

தைப் பொங்கலுக்குள்ள முடிச்சுடறேன், கவர்ன்மெண்ட் கையில போனா பத்து வருஷம் இழுக்கும், நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்னாரு. அவ்வளவு பெரிய ஆளு, என் வீட்டுத் தரையில உக்காந்து அழறாரு. நான் என்ன கல்லா?

பள்ளிக்கூடத்துல கூட்டம் நடந்துச்சு. மேடம் எல்லாத்தையும் விளக்கிச் சொன்னாங்க. நான் எழுந்தேன். கவர்ன்மெண்ட் கட்டி முடிக்கறதுக்குள்ள நம்ம பேரப்பிள்ளைங்களுக்குக் கல்யாணம் ஆயிடும்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. தம்பி நமக்காக நாயா அலையறாரு, இன்னும் கொஞ்ச நாள் பொறுத்தா அவர் கையாலயே வாங்கிக்கலாம்னேன். கை தூக்கச் சொன்னப்போ என் லைன்ல ஒருத்திகூடத் தூக்கலை. ஜெபமணி மட்டும் பாதி தூக்கினா. தூக்கிட்டு என் மூஞ்சியப் பாத்தா. பாத்துட்டு இறக்கிட்டா. அதுதாம்மா சிநேகிதம்னு அன்னிக்கு நெனச்சேன்.

மேடம் பேப்பரையெல்லாம் எடுத்து வச்சாங்க. இந்த வருஷத்துக்கான உதவி வேற இடத்துக்குப் போயிடும், அடுத்த வருஷம் திரும்ப வர்றேன்னு மட்டும் சொல்லிட்டுப் போனாங்க.

தம்பி சொன்னபடி வேலையை ஆரம்பிச்சாரு. ஆரம்பிக்கலைன்னு யாரும் சொல்ல முடியாது. வாசல் வளைவுக்குப் பெயிண்ட் அடிச்சாரு. பேர்ப்பலகை வச்சாரு. நாலஞ்சு ஆளுங்க கொஞ்ச நாள் கட்டடத்துக்குள்ள தட்டிக்கிட்டிருந்தாங்க. அப்புறம் அவங்களுக்குக் கூலி பாக்கின்னு போயிட்டாங்க. பொங்கல் வந்துச்சு, போச்சு. தம்பிக்கு பிரஷர். டாக்டர் ரெஸ்ட் எடுக்கச் சொல்லியிருந்தாரு. இதெல்லாம் எனக்குத்தான் தெரியும், மத்தவங்களுக்கு எங்க தெரியும்.

அந்த வருஷம் ஐப்பசி மழையில டேனியல் அண்ணன் போயிட்டாரு. பெரியாஸ்பத்திரியில. பாடியை வீட்டுக்குக் கொண்டுவரணும்ல? ஹவுஸ் ஓனரு கேட்டை மூடிட்டாரு. மாடியில அவரு பொண்ணுக்கு நிச்சயம் பேசியிருக்கு, காம்பவுண்டுக்குள்ள பிணத்தைக் கொண்டுவராதீங்கன்னுட்டாரு. நான் சண்டை போட்டேன். எங்க வீட்டுக்காரரு கால்ல விழாத குறை. அவரு அசையலை. கடைசியில ஆம்புலன்ஸைத் தெருமுனையில நிறுத்தி, பின்கதவைத் திறந்துவச்சாங்க. மழை. ஒவ்வொருத்தரா குடையைப் பிடிச்சுக்கிட்டு எட்டிப் பாத்துட்டு வந்தாங்க. பாதிரியாரும் அங்கயே நின்னு ஜெபம் பண்ணினாரு. ஜெபமணி ஆம்புலன்ஸுக்குள்ள அவரு காலுக்கிட்ட உக்காந்திருந்தா. அழலை. நான் அவ தோளைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். பின்னாடி வந்த ஆட்டோக்காரன் ஹாரன் அடிச்சுக்கிட்டே இருந்தான். அப்படியே கல்லறைக்குக் கொண்டுபோயிட்டாங்க.

அதுக்கப்புறம் அவ மாறிட்டா. துக்கம், சரியாப் போயிடும்னு விட்டேன். வேன்ல முன்சீட்டுல போய் உக்காந்தா. நான் டீ வாங்கிட்டுப் போனா, குடிச்சாச்சுன்னா. அப்புறந்தான் தெரியுது, டீ நேரத்துல அவ என் லைனுக்கு வந்து மிஷின் மிஷினா நின்னு பேசியிருக்கா. என் லைன்ல. என் பொண்ணுங்ககிட்ட. நான் முதுகைத் திருப்பினா அவ வருவா. கலெக்டர் ஆபீஸுக்கும் அவளே போயிருக்கா. அந்த மேடத்தைப் பாத்து, கட்டடத்துக்குக் கூட்டிட்டு வந்து, பழையபடி கூட்டம் போடக் கேட்டிருக்கா. இத்தனையும் செஞ்சவ, சுவத்துக்கு அந்தப் பக்கம் இருந்தவ, என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னாளா? சொல்லியிருந்தா தம்பிகிட்டப் பேசியிருப்பேன்ல?

ரெண்டாவது கூட்டம் அதே பள்ளிக்கூடத்துல. தம்பி வர்றேன்னு சொல்லியிருந்தாரு. பக்கத்துல அவருக்கு ஒரு நாற்காலி பிடிச்சு என் பையை வச்சிருந்தேன். வரலை. போன் போட்டேன், ஸ்விட்ச் ஆஃப். மேடம் எழுந்து, முன்னாடி பார்க்குக்கும் பால்வாடிக்கும்னு விட்டிருந்த இடத்தை பில்டர் எப்பவோ வேற ஆளுக்கு வித்துட்டாருன்னு சொன்னாங்க. ஒரே கூச்சல். வித்தாருன்னா எதுக்கு வித்தாரு? நமக்கு சிமெண்ட் வாங்கத்தான் வித்திருப்பாரு. நான் அதைச் சொல்லலாம்னு எழுந்தேன். எனக்கு முன்னாடி ஜெபமணி எழுந்துட்டா.

அவ கூட்டத்துல பேசி நான் பாத்ததே இல்ல. குரலே வெளிய வராது அவளுக்கு. மெதுவாத்தான் சொன்னா. எல்லாரும் அடங்கிப்போயிட்டாங்க.

'அவியளை ரோட்டுல வச்சுத்தான் நான் அனுப்புனேன். போன வருஷமே நாம கையைத் தூக்கியிருந்தா, அந்த ஜன்னல் பக்கத்துல வச்சு அனுப்பிருப்பேன். இனி யாரும் என்கிட்ட கொஞ்ச நாள் பொறுன்னு சொல்லாதிய.'

அவ்வளவுதான். சொல்லிட்டு உக்காந்துட்டா. என் பேரைச் சொல்லலை. என்னைத் திரும்பிக்கூடப் பாக்கலை. பேரைச் சொல்லியிருந்தா நான் பதில் சொல்லியிருப்பேன். அண்ணனுக்கு வந்த வியாதி வீடு முடிஞ்சிருந்தா மட்டும் விட்டிருக்குமா? சாவு எங்க வந்தாலும் சாவுதானே? ஆனா பேரே சொல்லாம பேசினா என்னன்னு பதில் சொல்றது?

கை தூக்கச் சொன்னாங்க. என் லைன் மொத்தமும் தூக்கிச்சு. நான் வேலை கத்துக்குடுத்த பொண்ணுங்க, பிரசவத்துக்கு நான் ஆஸ்பத்திரியில போய் உக்காந்திருந்த பொண்ணுங்க. சில பேரு ரெண்டு கையையும் தூக்கினாங்க. சரி, போகட்டும்னு பாத்தா, பக்கத்துல உக்காந்திருந்த எங்க வீட்டுக்காரரு. இருபத்தஞ்சு வருஷக் குடித்தனத்துல என்கிட்ட எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத மனுஷன். அவரு முன்னாடி சுவத்தைப் பாத்துக்கிட்டே மெள்ளக் கையைத் தூக்கினாரு. நான் முழங்கையால இடிச்சேன். இறக்கலை. வீட்டுக்கு வந்து ஏன்யா இப்படிப் பண்ணினன்னு கேட்டதுக்கு, 'அன்னிக்கு மழையில நானும் நின்னேன் கனகா'ன்னாரு. இது ஒரு பதிலா?

அப்புறம் கவர்ன்மெண்ட் வந்துச்சு. சொன்ன காலத்துக்குள்ள முடிச்சாங்க, அதை இல்லைன்னு சொல்லலை. ரோடு போட்டாங்க, தண்ணி லைன் இழுத்தாங்க, வித்துட்டதாச் சொன்ன இடத்துல பாதியை கேஸ் போட்டு மீட்டு பால்வாடி கட்டியிருக்காங்க. உன் குழந்தைக்கு உபயோகப்படும். ஆனா பழைய ஒதுக்கீடெல்லாம் செல்லாதுன்னுட்டாங்க. எல்லாருக்கும் குலுக்கல். தம்பி எனக்குன்னு வச்சிருந்த மூலை வீடும் குலுக்கல்ல போச்சு. எனக்கு மூணாவது மாடி விழுந்துச்சு. மூட்டுவலிக்காரிக்கு மூணாவது மாடி. அந்தக் கீழ் வீடு யாருக்கு விழுந்துச்சுன்னு கேளு. ஜெபமணிக்கு.

மறுநாளே அவ வந்தா. கதவுக்கு வெளிய நின்னா, உள்ள வரலை. 'உனக்கு முட்டி வலிக்கும், நீ கீழ் வீட்டை எடுத்துக்கோ, நான் மேல போறேன், மேடத்துகிட்டச் சொல்லிட்டேன்'னா. நான் வேணும்னு சொல்லலை. எங்க வீட்டுக்காரருதான் முந்திக்கிட்டு சரின்னாரு. மனசு உறுத்தியிருக்கும் அவளுக்கு. இல்லைன்னா கீழ் வீட்டை யாராவது சும்மா விட்டுக்குடுப்பாங்களா? எப்படியும் அது தம்பி எனக்குன்னு வச்ச வீடுதான். என் பொருள் என்கிட்ட வந்துச்சு, அதுக்கு நான் ஏன் நன்றி சொல்லணும்?

அவகூட நான் பேசறதில்லை. தினம் காலையில மாடியிலருந்து இறங்கி வருவா. அவ நடை எனக்குத் தெரியும், எங்க வாசல்கிட்ட வந்தா கொஞ்சம் மெதுவாகும். நான் அடுப்படிக்குள்ள போயிடுவேன். எங்க வீட்டுக்காரரு மட்டும் வாசல்ல உக்காந்து அவகிட்ட காய் விலை கேட்டுக்கிட்டிருப்பாரு.

நானா? நான் பூந்தளிருக்குப் போகலை, அங்கருந்துதான் வர்றேன். பட்டுப்புடவையைப் பாத்துட்டுக் கேக்குற. நல்ல விஷயந்தான். தம்பி போன வாரம் போன் பண்ணினாரு. எத்தனை வருஷம் கழிச்சு. 'அக்கா, என்னை மறந்துட்டீங்களா'ன்னாரு. செங்கல்பட்டு தாண்டி உள்ள ஒரு இடம் வாங்கியிருக்காராம். அதே மாதிரி, ஏழைப்பட்டவங்களுக்கு. இன்னிக்குப் பூஜை. முதல் கல்லு நான்தான் வைக்கணுமாம். கூட்டுரோட்டுல நில்லுங்கக்கா, கார் அனுப்பறேன்னாரு. உனக்கும் வேணும்னா சொல்லு, நீ எதுக்கு காலமெல்லாம் வாடகைக்கு இருக்கணும்? நான் சொன்னா அவரு தட்டமாட்டாரு.

எங்க வீட்டுக்காரரு போய் ஜெபமணிகிட்ட உளறியிருப்பாரு போல. கிளம்பறப்போ வாசப்படியில வந்து நிக்கறா. அத்தனை வருஷம் கழிச்சு என் பேரைச் சொல்லிக் கூப்பிடறா.

'போகாத கனகா. அந்தப் பிள்ளையளையும் அவன் ஏமாத்துவான். உன்னைக் காட்டித்தான் ஏமாத்துவான்'னா.

வழியை விடுன்னேன். விடலை. கையப் பிடிச்சா. உதறிட்டு வந்துட்டேன். கீழ விழப் பாத்தா, சுவத்தைப் பிடிச்சுக்கிட்டா. அவளுக்குப் பொறாமைம்மா. என்னை ஒருத்தரு தேடிக் கூப்பிடறாருன்னு அவளால தாங்க முடியலை.

காலையிலருந்து நிக்கறேன். ரோடெல்லாம் டிராஃபிக். நல்ல நேரம் முடிஞ்சிருக்கும், ஆனா முதல் கல்லு இல்லாம எப்படி ஆரம்பிப்பாங்க? எனக்காகக் காத்துக்கிட்டுத்தான் இருப்பாங்க. ரெண்டு மூணு தடவை போன் போட்டுப் பாத்தேன். பூஜை இடத்துல சிக்னல் இருக்காது.

அதோ, உன் பஸ்ஸு. பச்சை. கையக் காட்டு, நிறுத்துவான். பால்வாடி ஸ்டாப்புன்னு கேட்டு இறங்கு. குழந்தை தலையை மூடிக்கோ. நான் இருக்கேன், எனக்கு ஒண்ணும் இல்ல, நீ ஏறு.

போன் அடிக்குதா? அடிக்கட்டும், தம்பி இல்ல. அவதான். அப்பருந்து அடிச்சுக்கிட்டே இருக்கா, சாப்பிட்டியா, கார் வந்துச்சான்னு கேக்கத்தான். நான் எடுக்கலை. இவ இப்படி விடாம அடிச்சுக்கிட்டிருந்தா, தம்பி கூப்பிடறப்போ லைன் கிடைக்காமப் போயிடும்ல.